நடையா, நார்ச்சத்தா: முதலில் எதைத் தொடங்குவது?

இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தம் 130/85-ஐத் தொடுவது, வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50-க்குக் கீழே. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அதை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள் டாக்டர்கள். இந்த நிலையில் செல்களைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்களின் கை ஓங்கிவிடுகிறது. அதைக் கட்டுப்படுத்தப் பலரும் யோசிப்பது மூன்று வழிகளை.

உடற்பயிற்சி

பயிற்சியின்போது ஃப்ரீ ராடிக்கல்கள் சற்றுக் கூடத்தான் செய்கின்றன. அந்தத் தூண்டுதலே உடலை உஷாராக்கி, கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற பாதுகாப்பு என்சைம்களைப் பெருக்க வைக்கிறது. வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாக எடுபடாத உடலிலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

ப்ரீபயாடிக் நார்ச்சத்து

நம்மால் செரிக்க முடியாத இந்த நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உண்டு, ப்யூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. அவை குடல் சுவரைப் பலப்படுத்தி, அழற்சியைத் தணிக்க உதவுகின்றன. ஆனால் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் பலனுக்கான சான்று உடற்பயிற்சிக்கு இருக்கும் அளவுக்கு இன்னும் வலுவாக இல்லை. டப்பாவில் விற்கும் பொடியின் லேபிளில் பெரும்பாலும் இருப்பது சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலின். அதே வகை நார் சாம்பாரில் போடும் சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டலிலும் வாழைக்காய்ப் பொரியலிலும் வேறு வகை ப்ரீபயாடிக் நார் உண்டு. எடுத்த எடுப்பில் அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை

2009-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் கிடைக்க வேண்டிய இன்சுலின் பலன் கிடைக்கவில்லை. உடலை உஷாராக்கும் தூண்டுதலையே மாத்திரை அடக்கிவிட்டது. டாக்டர் சொல்லாமல் இதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

யாருக்கு எது?

சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, தொப்பை மூன்றும் ஏறியவர் நடையிலிருந்தே தொடங்கலாம். சாப்பிட்ட பிறகு 15 நிமிடம் நடந்தாலே உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். மூட்டுவலியால் நடக்க முடியாதவர் நாற்காலியில் அமர்ந்தபடி கை கால் பயிற்சி செய்துகொண்டு, தட்டில் நாரைக் கூட்டலாம். மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் நாரும் தண்ணீரும் முதலில். அடிக்கடி வயிறு உப்பி வலிப்பவர் இனுலின் பொடியைத் தவிர்ப்பது நல்லது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர், நடக்கும்போது மார்பு இறுகுபவர், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர் டாக்டரைக் கேட்டுவிட்டே மாற்றங்களைத் தொடங்க வேண்டும்.

நடை, நார்ச்சத்து இரண்டையும் செய்ய முடிந்தால் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும்தான் இந்த வாரம் தொடங்க முடியும் என்றால் என் பதில் நடை. மூன்று மாதம் கழித்து இடுப்பை அளந்து, ட்ரைகிளிசரைடும் சர்க்கரையும் பாருங்கள். எடுத்த முடிவு பலன் தந்ததா என்பதை அந்த எண்களே சொல்லும்.