குமிழ் திருகப் பிறந்த இசை

இசை என்றவுடன் நம் நினைவிற்கு வருவன சுரங்களின் ஏற்றமும் இறக்கமுமாம். இராகம் பாடுவோர் கீழிருந்து மேலேறி, ஓரிடத்தில் நின்று, வளைந்து, மீண்டும் இறங்கி வருவர். அவ்வசைவிலேயே நம் உள்ளம் ஈடுபடுகிறது. ஆனால், சுரங்கள் சிறிதும் மாறாது திரும்பத் திரும்ப ஒலிக்க, அவற்றின் ஒலித்தன்மை மட்டும் மெல்ல மெல்ல மாறுவதனால் உருவாகும் இசையும் உலகில் உண்டு. மின்கருவிகளால் ஆக்கப்பெறும் நடன இசையிற் பெரும்பகுதி அத்தகையதே. “ஒரே தட்டு, ஒரே ஓசை, இதில் இசை எங்கே இருக்கிறது?” என்று அதனை இகழ்வார் பலர். அவ்வினாவிற்குரிய விடை, ஜப்பானிலே தோன்றிச் சிகாகோவிலே வாழ்வு பெற்ற ஒரு சிறு கருவியின் வரலாற்றில் அடங்கியுள்ளது.

1980களின் தொடக்கத்தில் ஜப்பான் நாட்டு ரோலண்டு நிறுவனத்தார் டிபி-303 என்னும் கருவியை வெளியிட்டனர். அதனை வடிவமைத்தவர் தாதாவோ கிகுமோதோ என்னும் பொறியாளர். தனித்திருந்து கித்தார் பயில்வார்க்குத் துணையாகத் தாழ்ந்த சுருதியில் கித்தார் வாசிப்பவர் ஒருவர் வேண்டுமன்றோ? அவரது இடத்தை நிரப்புவதே இக்கருவியின் நோக்கம். ஆயினும், இதன் ஓசை கித்தாரின் ஓசையை ஒத்திருக்கவில்லை; சுரங்களை இதனுள் பதிக்கும் முறையும் கடினமாயிருந்தது. வாங்குவார் குறைந்தமையால் 1984ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி நின்றது. பிறகு பழம்பொருள் விற்கும் கடைகளில் இது மலிவாகக் கிடைப்பதாயிற்று.

அக்காலத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து நடனக் கூடங்களில், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களிடையே, ‘ஹவுஸ்’ என்னும் புதிய இசை வளர்ந்து வந்தது. அங்கே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்னும் மூவர் ‘ஃபியூச்சர்’ என்ற பெயரில் ஒரு குழு அமைத்தனர். பழைய டிபி-303 ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. அதனை முறைப்படி இயக்க அவர்கள் அறிந்திலர். கருவியோ ஒரே சுரவரிசையை ஓயாது ஒலித்துக்கொண்டிருந்தது. பியர் அதன் முகப்பிலிருந்த குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகலானார். சுரங்கள் மாறவில்லை, ஒலியோ முனகிற்று, குழைந்தது, கீச்சிட்டது, மீண்டும் அடங்கிற்று!

இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்கிறது? கருவியினுள் பிறக்கும் ஒலியலை தனியோர் அதிர்வால் ஆயதன்று. அடிப்படை அதிர்வெண் நொடிக்கு 100 என்று கொண்டால், 200, 300, 400 என அதன் மடங்குகளாகிய மேற்சுரங்களும் உடன் ஒலிக்கும். வடிகட்டி என்னும் பகுதி, குறித்ததோர் எல்லைக்கு மேற்பட்ட மேற்சுரங்களைத் தடுத்துவிடுகிறது. ஒரு குமிழைத் திருகினால் அவ்வெல்லை உயரும். அடைபட்டிருந்த மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். மற்றொரு குமிழ், எல்லையை ஒட்டியுள்ள மேற்சுரங்களை மட்டும் மிகுவித்துக் கூர்மையாக்கும். இதற்கு ஒப்பான செயலை நம் வாயே செய்கிறது. மாணவர்களே, ஒரே சுருதியில் ‘ஊ’ என்று தொடங்கி, மூச்சு விடாமல் ‘ஆ’ என்றும் ‘ஈ’ என்றும் மாற்றிப் பாருங்கள். தொண்டையிற் பிறக்கும் ஒலி ஒன்றே. வாயின் வடிவம் மாறுவதால் அது வேறு வேறாகக் கேட்கிறது. டிபி-303 பேசுவது போலவும் அழுவது போலவும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இனி, மாற்றம் மெதுவாக நிகழ்வதன் பயனைக் கருதுவோம். நிமிடத்திற்கு 120 தட்டுகள் என்னும் நடையில், 16 கூறுகள் கொண்ட சுரவரிசை இரண்டு நொடிகளில் முடிந்துவிடும். ஒரு குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருக ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால், அதற்குள் அவ்வரிசை முப்பது முறை ஒலிக்கும். அடுத்தடுத்து வரும் இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு செவிக்கு எளிதிற் புலனாகாது. முதலாவதும் முப்பதாவதுமோ முற்றிலும் வேறானவை. மாறாததை நம் செவி விரைவில் பொருட்படுத்தாது விட்டுவிடுகிறது. அந்நிலையில் எழும் சிறு மாற்றமும் பெரிதாகத் தோன்றுகிறது. சுரவரிசையும் தாளமும் நிலையாக நிற்பதனாலேயே ஒலித்தன்மையின் அசைவு விளங்குகிறது. கதை சொல்லும் பொறுப்பு இங்கே சுரத்தை விட்டு நீங்கி ஒலியின் நிறத்தைச் சேர்ந்துவிடுகிறது. இவ்விசையை அரை நிமிடம் கேட்டுவிட்டுத் தீர்ப்புக் கூறுவோர், அது தொடங்குமுன்பே எழுந்து போனவராவர்.

முதலிற் கேட்டவர்களுக்கும் பொறுமை இருக்கவில்லை. ‘மியூசிக் பாக்ஸ்’ என்னும் நடனக் கூடத்தில் இசைத்தட்டுகளை இயக்கி வந்த ரான் ஹார்டி, அம்மூவரின் ஒலிநாடாவை ஒருநாள் இரவில் ஒலிக்கச் செய்தார். ஆடிக்கொண்டிருந்தோர் களத்தை விட்டு அகன்றனர். அவர் சளைக்கவில்லை; அன்றிரவே மேலும் மும்முறை ஒலிக்கச் செய்தார். நான்காம் முறையில் கூட்டம் ஆரவாரித்து ஆடிற்று என்று பியர் கூறியுள்ளார். அதுவே 1987ஆம் ஆண்டில் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் பெயரோடு இசைத்தட்டாக வெளிவந்தது. பதினொரு நிமிடங்களுக்கு மேல் நீளும் அப்படைப்பினின்று ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் இசைவகை கிளைத்து, விரைவில் இங்கிலாந்திலும் பரவிற்று.

சிகாகோவிற்கு முன்பே இக்கருவி நம் நாட்டிலும் ஒலித்தது என்பது வியப்பிற்குரியது. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982ஆம் ஆண்டில் பத்து இராகங்களை நடனத் தாளத்தோடு இணைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் அவர் கையாண்ட கருவிகளுள் டிபி-303ம் ஒன்று. அங்கே இராகத்தின் ஓட்டமே முதன்மை பெற்றது. சிகாகோவிலோ சுரவரிசை நின்ற இடத்திலேயே நின்றது. அவரது இசைத்தட்டு அந்நாளில் அதிகம் விற்கவில்லை. 2010ஆம் ஆண்டில் மறுபதிப்பாக வெளிவந்தபோதே உலகோர் அதனை நாடிக் கேட்டனர். விலைபோகாது கைவிடப்பட்ட கருவிக்கும் அத்தகைய காலம் வாய்த்தது: 2016ஆம் ஆண்டில் ரோலண்டு நிறுவனத்தார் அதன் வடிவிலேயே டிபி-03 என்னும் சிறு கருவியை வெளியிட்டனர். பியர் திருகிய அதே குமிழ்கள் அதன் முகப்பிலும் வரிசையாக உள்ளன.