பெயரைக் கடைசியில் பாருங்கள்

கிரிஸ்டல் சேர்க்க ஆசைப்பட்டு வரும் இளையவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “எந்தக் கம்பெனி நல்லது?” என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் கையும் கண்ணும் பழக வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஸ்படிகம் வேறு, கிரிஸ்டல் வேறு. சிதம்பரத்திலும் ராமேஸ்வரத்திலும் பூஜையில் இருக்கும் ஸ்படிக லிங்கம் இயற்கையாக விளைந்த குவார்ட்ஸ் கல். நாம் சேர்க்கப்போவது உலையில் உருக்கி ஊதிய கண்ணாடி. இரண்டையும் மாற்றிச் சொல்லி விற்பவர்கள் உண்டு. ஸ்படிக உருண்டை என்று யாராவது நீட்டினால், வெள்ளைத் தாளில் பேனாவால் மெல்லிய கோடு ஒன்று போட்டு அதன்மேல் வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். கல்லாக இருந்தால் சில கோணங்களில் கோடு இரண்டாகப் பிரிந்து தெரியும். கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் ஒரே கோடுதான். உள்ளே உருண்டைக் குமிழ் தெரிந்தாலும் அது கண்ணாடிதான்.

2. ஈயத்தின் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். 1674-இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற வணிகர் இங்கிலாந்தில் புதுவகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் முதலில் செய்தவை நாளாக ஆக நுண்ணிய வெடிப்பு விட்டு மங்கிப் போயின. கலவையில் ஈய ஆக்சைடைக் கூட்டித்தான் அதைச் சரிசெய்தார். ஈயம் சேர்ந்த கண்ணாடி உலையைவிட்டு வந்த பிறகும் நெடுநேரம் இளகி நிற்கும், ஆறியபின் சக்கரத்தில் சுலபமாக வெட்டுப்படும், ஒளியை அதிகம் வளைத்து நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும். ஈயக் கிரிஸ்டலின் புகழ் முழுக்க இந்த மூன்றில் அடங்கும்.

ஐரோப்பியக் கூட்டமைப்பின் 1969-ஆம் ஆண்டு விதிப்படி 24 சதவீதமும் அதற்கு மேலும் ஈய ஆக்சைடு இருந்தால் ஈயக் கிரிஸ்டல். 30-ஐத் தொட்டால் முழு ஈயக் கிரிஸ்டல். நம்மூர் ஷோகேஸ்களில் உள்ள, செக் நாட்டின் பொஹிமியா கிண்ணங்களில் “24% பிபிஓ” (ஈய ஆக்சைடு) என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இதைத்தான் சொல்கிறது. அதைக் கிழித்துவிடாதீர்கள்.

ஈயம் இல்லாதது மட்டம் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பொஹிமியாக்காரர்களின் பழைய பெருமையே பொட்டாஷும் சுண்ணாம்பும் சேர்த்த கடினக் கண்ணாடியில்தான் எழுந்தது. 1857-இல் அங்கே கார்லோவி வாரியில் தொடங்கிய மோசர் கம்பெனி இன்றும் ஈயமில்லாத கண்ணாடிக்கே பெயர் போனது. ஆழமாகப் பட்டை தீட்ட ஈயக் கண்ணாடி வசதி. நுணுக்கமாகச் சித்திரம் செதுக்கக் கடினக் கண்ணாடி வசதி. வேலைக்கேற்ற பொருள், அவ்வளவுதான்.

3. தராசு வாங்குங்கள். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஒயின் ஊற்றி வைக்கும் குடுவையான டிகாண்டரின் கெட்டியான மூடியை முதலில் அப்படியே நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மூடியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் முங்கும்படி கையில் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். மூடி 145 கிராம், தண்ணீரில் 50 காட்டுகிறது என்றால் 2.9. சாதாரண ஜன்னல் கண்ணாடி 2.5 வாக்கில் நிற்கும். ஈயக் கிரிஸ்டலுக்கு அந்த ஐரோப்பிய விதி கேட்பது 2.9, முழு ஈயக் கிரிஸ்டலுக்கு 3. மூடி உள்ளே பொள்ளலாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

4. தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். “டிங்” என்று மணி போல நீளமாக ஒலித்தால் கிரிஸ்டல் என்பார்கள். தண்டைப் பிடித்துத் தட்டிய மெல்லிய கோப்பைக்கு அது ஓரளவு பொருந்தும். கனத்த சாம்பல் கிண்ணமும் வாய் குறுகிய டிகாண்டரும் எவ்வளவு உயர்ந்த கிரிஸ்டலானாலும் அப்படி ஒலிக்காது. மெல்லிய சாதாரணக் கண்ணாடியும் நன்றாகவே ஒலிக்கும். ஒலி திடீரென்று செத்துப்போனால் எங்கோ விரிசல் இருக்கிறது. தட்டுவதால் உறுதியாகத் தெரிவது அந்த ஒன்றுதான்.

5. பட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கிண்ணத்தைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாமே ஜொலிக்கும். இரண்டு பட்டைகள் சந்திக்கும் முனையில் விரல் நுனியை வைத்து மெதுவாக இழுங்கள். சக்கரத்தில் வெட்டியதென்றால் முனை கூர்மையாக உறுத்தும். அச்சில் அழுத்தி எடுத்ததென்றால் எல்லா முனையும் கொஞ்சம் மழுங்கி, நக்கித் தேய்ந்த கற்கண்டு மாதிரி வழுக்கும். அழுத்திய கண்ணாடியில் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய தையல்கோடு மேலிருந்து கீழே ஓடும். வடிவத்துக்குள் அதை ஒளித்துவைப்பார்கள், தேடுங்கள்.

அடுத்து, அடியில் உள்ள நட்சத்திரம். கைவேலையில் எல்லாக் கீற்றும் நடுப்புள்ளியில் ஒன்றுபோலச் சேராது. ஏதாவது ஒன்று மயிரிழை தாண்டியிருக்கும், பக்கத்துக் கீற்று எட்டாமல் நின்றிருக்கும். வெட்டுகிறவன் சக்கரத்தின்மேல் கிண்ணத்தை அழுத்திப் பிடித்து, கண்ணாடியின் ஊடாகவே கோட்டைப் பார்த்துக்கொண்டு வெட்டுகிறான். இம்மி பிசகத்தான் செய்யும். அந்தப் பிசகு குறையல்ல, நமக்குக் கிடைக்கும் சாட்சி. எதுவும் பிசகாத நட்சத்திரத்தைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நகைக்கடையில் கண்ணில் செருகிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். பழைய கைமெருகு என்றால் வெட்டின் பள்ளத்துக்குள் ஒரே திசையில் ஓடும் மிக நுண்ணிய கோடுகள் தெரியலாம். அமிலத்தில் முக்கி மெருகேற்றும் முறை இருபதாம் நூற்றாண்டில் பரவியது. அதில் பள்ளமெல்லாம் ஒரே சீராகப் பளபளக்கும். அச்சில் வடிவத்தை ஏற்றிவிட்டு மேலே மட்டும் சக்கரத்தைக் காட்டி, முழுக் கைவேலை என்று விற்பதும் நடக்கிறது. அதனால் ஒரு முனையோடு நிறுத்தாமல் நாலு இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள்.

6. பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். நூறு வருஷம் மேஜையில் வைத்து எடுத்த கிண்ணத்தின் அடியில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், நாலா பக்கமும் தாறுமாறாகக் கீறல் இருக்கும். கீறலெல்லாம் ஒரே திசையில் ஓடினாலோ, தரையைத் தொடாத குழியிலும் இருந்தாலோ, யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

7. விளிம்பையும் மூடியையும் தனியாக விசாரியுங்கள். விளிம்பில் சில்லுப் போன கோப்பையைச் சாணை பிடித்து மட்டமாக்கி விற்பது பழைய தந்திரம். மேல் வரிசைப் பட்டை பாதியில் வெட்டுப்பட்ட மாதிரி நின்றாலும், செட்டில் ஒன்று மட்டும் அரை விரற்கடை குட்டையாக இருந்தாலும் காரணம் அதுதான். டிகாண்டர் மூடி பல நேரம் வேறு ஜோடியாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருள்கள் பலவற்றில் மூடியின் தண்டிலும் கழுத்தின் உள்விளிம்பிலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள். எண் ஒத்துப்போனால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தும் வாங்கலாம்.

8. இப்போது கம்பெனிப் பெயருக்கு வரலாம். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1745-இல் இங்கிலாந்து கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டது. அயர்லாந்துக்கு அந்த வரி அப்போது இல்லை. ஈயக் கண்ணாடி கனமான சரக்கு என்பதால் தொழில் கடல் தாண்டிப் போனது. 1783-இல் பென்ரோஸ் குடும்பத்தார் வாட்டர்ஃபோர்டில் உலை வைத்தார்கள். 1825-இல் அயர்லாந்துக்கும் வரி வந்தது. 1851-இல் உலை அணைந்தது. சுமார் நூறு வருஷம் அங்கே ஒன்றுமில்லை. 1947-இல் அதை மறுபடி தொடங்கியவர் செக் நாட்டுக்காரரான சார்ல்ஸ் பாச்சிக். புகழ்பெற்ற லிஸ்மோர் வடிவத்தை 1952-இல் வரைந்த மிரோஸ்லாவ் ஹாவெலும் செக் நாட்டுக்காரரே. 2009-இல் கம்பெனி நொடித்து பெரிய தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று அந்தப் பெயரில் வருவதில் பெரும்பகுதி அயர்லாந்துக்கு வெளியே தயாராகிறது. ஆக, “வாட்டர்ஃபோர்டு” என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று காலங்கள் இருக்கின்றன. எந்தக் காலம் என்று கேட்காமல் பணத்தை எண்ணாதீர்கள். “இந்த நீலச் சாயலைப் பாருங்கள், அசல் பழைய வாட்டர்ஃபோர்டு” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். முதல் உலையின் சரக்கு பெரும்பாலும் நிறமற்றது. முத்திரை இருப்பதோ சில அச்சு டிகாண்டர்களின் அடியில் மட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரெஞ்சுக் கம்பெனியான பக்கரா எல்லாப் பொருளிலும் முத்திரை பொறிக்கத் தொடங்கியது 1936-இல். அதற்கு முன் பெரும்பாலும் காகித லேபிள்தான், அது உதிர்ந்திருக்கும். எனவே முத்திரை இல்லாத பழைய பக்கராவும் அசலாக இருக்கலாம். இன்னொரு பிரெஞ்சுப் பெயரான லாலிக்கில் “ஆர். லாலிக்” என்றிருந்தால் பொதுவாக 1945-இல் ரெனே லாலிக் இறப்பதற்கு முந்தைய வடிவம். அவர் மகன் காலத்தில் “ஆர்” போய்விட்டது, கண்ணாடியும் முழு ஈயக் கிரிஸ்டலாக மாறியது. அந்த ஓரெழுத்துக்கு விலை அதிகம், அதனால் பிற்பாடு கீறிச் சேர்ப்பவர்களும் உண்டு. ஸ்வரோவ்ஸ்கியின் பொம்மை வரிசை 1976-இல் ஒரு சின்ன எலியோடு தொடங்கியது, சரவிளக்குத் துண்டுகளை ஒட்டிச் செய்தது. எல்லாம் இயந்திரப் பட்டை, அழகுதான். ஆனால் பெட்டியையும் சான்றிதழையும் தொலைத்துவிட்டால் விற்கும்போது பாதி விலைகூட வராது. முதலீடு என்று நினைத்து அதை வாங்காதீர்கள்.

9. வாங்கும் முன் நிறையப் பாருங்கள். ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்தில் ஐரோப்பியக் கண்ணாடிக்கு நல்ல தொகுப்பு உண்டு. உதய்ப்பூர் ஃபதே பிரகாஷ் அரண்மனைக்கு ஒருமுறை போய் வாருங்கள். பர்மிங்காம் ஆஸ்லர் கம்பெனியிடம் மகாராணா சஜ்ஜன் சிங் 1877-இல் கட்டில், சோபா, நாற்காலி வரை கிரிஸ்டலில் செய்யச் சொன்னார். சரக்கு வந்து சேர்வதற்குள், 1884-இல் அவர் இறந்துபோனார். பெட்டிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிரிக்கப்படாமலே கிடந்தன. ஒரே பட்டறையின் கைவேலையை, கைபடாத நிலையில், இவ்வளவு மொத்தமாகப் பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியாது.

நம் பக்கத்தில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகள் பிரிபடும்போது சரவிளக்கின் தொங்கல்களும் கோப்பைகளும் அங்கே வந்து சேர்கின்றன. பித்தளையும் மரமும் தேடி வருகிறவர்களே அதிகம், கண்ணாடிக் கூடையைக் கிளறுகிறவர்கள் குறைவு. செட் உடைந்து தனியே நிற்கும் ஒற்றைக் கோப்பைகளைப் பேரம் பேசி வாங்குங்கள். அச்சில் வார்த்தது ஒன்று, கையால் வெட்டியது ஒன்று, ஈயமில்லாதது ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழகினால் எந்தப் புத்தகமும் வேண்டாம்.

10. பரிமாறலாம், சேமித்து வைக்கக் கூடாது. ஈயக் கிரிஸ்டலில் எதையும் நாள்கணக்கில் விட்டுவைத்தால் ஈயம் கசியும். புளிப்பு இருந்தால் இன்னும் வேகமாக. 1991-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டிகாண்டரில் போர்ட் ஒயினை 4 மாதம் வைத்துப் பார்த்தபோது ஈயத்தின் அளவு பல மடங்கு ஏறியிருந்தது. விருந்தன்று பாயசமோ ஜூஸோ ஊற்றிக் கொடுத்து அன்றே கழுவிவிடுங்கள். எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் எதுவும் அதில் குடியிருக்கக் கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயக் கிரிஸ்டலில் எதையும் ஊற்றிக் கொடுக்க வேண்டாம்.

11. கழுவும் வேலையை வேறு யாரிடமும் விடாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். தொட்டியின் அடியில் துண்டை விரித்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாக. கொதிநீர் ஆகாது, தேங்காய் நார் ஆகாது, பாத்திரம் துலக்கும் பவுடர் ஆகவே ஆகாது. டிஷ்வாஷரில் போட்டவர்களின் கிரிஸ்டல் நிரந்தரமாகப் பால் பூத்துப் போகும். நம் போர் தண்ணீர் விடும் வெள்ளை உப்புக்கறை வேறு. அது வினிகர் கலந்த தண்ணீரில் சிறிது நேரம் ஊறினால் போய்விடும். போகவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது, தேய்ப்பதை நிறுத்துங்கள். அலமாரியில் கோப்பையைக் கவிழ்த்து வைக்காதீர்கள். அதன் விளிம்புதான் மிகவும் பலவீனமான இடம்.

12. உடையும். எத்தனை பத்திரமாக இருந்தாலும் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். சில்லுகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் போடுங்கள், ஒரு பெரிய துண்டை மட்டும் எடுத்து வையுங்கள். உடைந்த முகத்தில்தான் கண்ணாடியின் உள்நிறம் சரியாகத் தெரியும், சாம்பலா, பச்சையா, தெளிந்ததா என்று. துண்டில் சீட்டு ஒட்டி, எந்தக் கம்பெனி, எந்தக் காலம், அடர்த்தி எவ்வளவு என்று எழுதி ஒரு பெட்டியில் போட்டு வாருங்கள். அடுத்த முறை சந்தேகமான கிண்ணம் ஒன்று கைக்கு வரும்போது முதலில் அந்தப் பெட்டியைத் திறங்கள்.