சைக்கிள் பாடம்: இறக்கத்துக்கு முன் ஐந்து நிமிடம்



இம்முறை நமது பாடம் சைக்கிள். "சைக்கிளைப் பத்தி எங்களுக்குத் தெரியாததா?" என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டத் தெரியும், உண்மைதான். ஆனால் கவனிக்கத் தெரியுமா என்பதுதான் இன்றைய கேள்வி.

உயர்ந்த மலைத் தோட்டங்களில் சைக்கிள் குறைவு. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும் தாழ்நிலத் தேயிலைத் தோட்டங்களிலும் அப்படியில்லை. பால் வெட்டப் போகிறவர், டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவர் என்று பலர் அதை நம்பியே இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டின்போது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைக்கூட நம்மவர்கள் துடைத்து எடுத்து ஓட்டினார்கள்.

நாங்கள் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஒரு தகப்பன் தன் மகளைப் பின் கரியரில் உட்கார வைத்து மேல் லயத்திலிருந்து இறங்கி வந்தார். காலையில் தூறல். பாதி இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தார். பிடி ஹேண்டிலோடு வந்து ஒட்டியதே தவிர சைக்கிள் நிற்கவில்லை. நல்ல வேளை, பள்ளப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்துக் கானில் சைக்கிளை விட்டார். அவருக்குக் கையில் அடி. பிள்ளையின் குதிகால் சில்லுக் கம்பிக்குள் மாட்டித் தோல் உரிந்துவிட்டது.

"கொஞ்ச நாளாவே பிரேக் சரியில்லதாங்க. சம்பளம் வந்ததும் கட்டை மாத்தலாம்னு இருந்தேன்" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் எல்லோர் வீட்டிலும் இதே கதைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். சைக்கிளில் உள்ள சாமான்களில் விலை குறைந்தவற்றில் ஒன்று பிரேக் கட்டை. அதை மாற்றாததால் அவர் இழந்தது இரண்டு வாரப் பேர். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது நமக்குத் தெரியும். பிள்ளையின் படிப்பும் அத்தனை நாள் கெட்டது.

ஓடுகிற சைக்கிள் நல்ல சைக்கிள் என்று நாம் நினைக்கிறோம். நமது பாதைக்கு, நிற்கிற சைக்கிள்தான் நல்ல சைக்கிள். இதுவே இப்பாடத்தின் சாரம்.

1. முதலில் பிரேக்

பழைய பெரிய சைக்கிளில் கம்பி பிரேக் இருக்கும். அதன் கட்டை ரிம்மின் உட்புறத்தில் பிடிக்கும். புதிய சைக்கிள்களில் வயர் பிரேக். அது ரிம்மின் இரு பக்கமும் பிடிக்கும். எதுவானாலும் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

கட்டையில் பள்ளமான கோடுகள் இருக்கும். அவை தேய்ந்து மறைந்தால் கட்டையை மாற்றும் காலம் வந்துவிட்டது. கட்டை ரிம்மில் முழுதாகப் பட வேண்டும். டயரில் உரசினால் டயரை அறுத்துவிடும். பிடியை அழுத்தினால் அது ஹேண்டிலைத் தொடக்கூடாது. வயரில் ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால், மற்ற இழைகளும் சீக்கிரம் அறும். அதை அப்போதே மாற்றிவிடுங்கள். ரிம்மில் எண்ணெய் படவே கூடாது.

சிலர், "முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கி எறிஞ்சிடும்" என்று பயந்து அதைக் கழற்றியே விடுகிறார்கள். இது தவறு. இறக்கத்தில் பாரம் முன்னுக்குச் சாய்வதால், சைக்கிளை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்கே. தூக்கி எறிவது, அதைத் திடீரென்று இறுக்கிப் பிடித்தால்தான். முதலில் பின் பிரேக்கை மெதுவாகப் பிடித்து, பிறகு முன் பிரேக்கையும் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிடிக்கப் பழகுங்கள்.

மழை நாளில் இன்னொரு ஆபத்து உண்டு. இரும்பு ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும். பிரேக் பிடித்தாலும் சைக்கிள் நெடுந்தூரம் போய்த்தான் நிற்கும். ஆகவே முடக்கு வருவதற்கு வெகு முன்பே பிரேக்கை இலேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, பின்னர் அழுத்துங்கள்.

2. காத்தும் டயரும்

காத்துக் குறைந்த டயரோடு கல்லு ரோட்டில் போனால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை கண்டால், முள்ளைத் தேட வேண்டாம். காத்துக் குறைவே காரணம். பாரம் ஏற்றும் நாளில் பின் சில்லுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

இரவில் அடித்த காத்து காலையில் இல்லையென்றால் உடனே பஞ்சர் என்று கடைக்கு ஓட வேண்டாம். முதலில் வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தடவுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சின்ன இறப்பர் குழாய் கெட்டுவிட்டது. அதை மாற்றினால் வேலை முடிந்தது.

உண்மையான பஞ்சர் என்றால்: டியூபை வெளியே எடுத்துக் காத்தடித்துத் தண்ணீர்ப் பேசினில் அமுக்குங்கள். குமிழி வரும் இடத்தை அடையாளம் வையுங்கள். நன்றாகக் காய வைத்து, அந்த இடத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குங்கள். சொலூஷனை மெல்லியதாகத் தடவிச் சுமார் ஐந்து நிமிடம் பொறுங்கள். விரல் வைத்தால் ஈரம் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டுவதால்தான் ஒட்டு கழன்று போகிறது.

டியூபை மறுபடி போடுமுன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் தடவிப் பாருங்கள். முள்ளோ கம்பித் துண்டோ அங்கேயே இருந்தால், புது ஒட்டும் அடுத்த முடக்குக்குள் போய்விடும். டயரை மாட்டக் கூரான ஸ்குரூ டிரைவரைப் பாவிக்காதீர்கள். அதுவே இன்னொரு ஓட்டை போடும்.

3. செயினும் நட்டும்

செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவு அசையலாம். அதிகம் தொங்கினால் குழியில் குதிக்கும்போது கழன்று விழும். பின் சில்லு நட்டுகளைத் தளர்த்தி, சில்லைப் பின்னுக்கு இழுத்து, நடுவாக நிற்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள்.

எண்ணெய் விடுமுன் செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். மண்ணோடு எண்ணெய் சேர்ந்தால் அது அரம் மாதிரி செயினைத் தின்னும். மெசின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியில் வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசின் போல் ஒட்டிக்கொள்ளும். கழிவு எஞ்சின் எண்ணெயில் அழுக்கும் இரும்புத் தூளும் இருக்கும். இரண்டும் வேண்டாம்.

முன் சில்லை இரு முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஹேண்டில் தனியாகத் திரும்பினால் அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள். இரண்டு சில்லு நட்டுகளும் இறுகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

4. பாதையில்

முடக்குக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். முடக்குக்குள் போய்ப் பிரேக் பிடித்தால் சரளைக் கல்லில் சறுக்கும். பாசி பிடித்த கொங்கிறீட், நனைந்த இலை, ரயில் தண்டவாளம் மூன்றும் ஒரே மாதிரி வழுக்கும். தண்டவாளத்தைச் சரிவாகக் கடக்காமல் நேர்குறுக்காகக் கடவுங்கள். மழைத்தண்ணீர் நிறைந்த குழியின் ஆழம் மேலிருந்து தெரியாது.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி, டியூபில் உள்ள ஒட்டுக்கூட இளகிவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். நடுவில் நின்று ஆற விடுங்கள். மிகச் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவது வெட்கமில்லை.

கொழுந்து லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போக வேண்டாம். இடப்பக்கமாகவே செல்லுங்கள், ஆனால் கான் ஓரம் மண் சரிந்திருக்கும், அதையும் பாருங்கள். குருட்டு முடக்கில் மணி அடியுங்கள். இருட்டிலும் பனிமூட்டத்திலும் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு வெளிச்சம் அவசியம். வெளிர் நிறச் சட்டையும் உதவும்.

அரிசி மூட்டையைக் கரியரில் நடுவாக, இறுக்கிக் கட்டுங்கள். ஹேண்டிலில் பை தொங்கவிட்டால் அது முன் சில்லில் மாட்டும். சாரத்தையும் சேலைத் தலைப்பையும் ஒதுக்கிச் செருகுங்கள். பிள்ளையைப் பின்னால் ஏற்றினால், கால் வைக்க இடமும், சில்லின் பக்கவாட்டில் ஒரு மறைப்பும் கட்டாயம் வேண்டும். பழைய பிளாஸ்ரிக் தட்டியைக் கட்டினாலே அந்தப் பிள்ளையின் குதிகால் தப்பியிருக்கும்.

5. விழுந்துவிட்டால்

காயத்தில் கோப்பித் தூளோ பற்பசையோ அப்ப வேண்டாம். சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு மண் போகக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் அந்தத் துணியின் மேல் அழுத்திப் பிடியுங்கள். ஏற்புத் தடுப்பூசி போட வேண்டுமா என்று தோட்ட டிஸ்பென்சரியில் கேளுங்கள்.

தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலும், தூங்கித் தூங்கி விழுந்தாலும், முன்னுக்குப் பின் பேசினாலும், மயங்கினாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016இல் தொடங்கிய இச்சேவைக்குப் பணம் இல்லை. தோட்டத்தின் பெயர், எந்தக் கணக்கு, பெரிய ரோட்டில் எந்த இடத்தில் ஆள் நிற்பார் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கலந்து பேசுவோம்

(அ) உங்கள் வீட்டுச் சைக்கிளின் பிரேக் கட்டையில் கோடு இருக்கிறதா? இன்று மாலையே பாருங்கள்.

(ஆ) உங்கள் தோட்டத்தில் சைக்கிளுக்கு ஆபத்தான மூன்று இடங்கள் எவை? அங்கே கல்லை ஒதுக்கவும் கானைத் திருத்தவும் யாரிடம் பேச வேண்டும்?

(இ) ஒரு லயத்துக்கு ஒரு பம், இரண்டு ஸ்பேனர், ஒரு ஒட்டுப் பெட்டி என்று பொதுவில் வாங்கி வைக்க முடியுமா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஒருவருக்கும் பாரமாயிராது.

வாலிபர்களே, உங்களுக்கு ஒரு வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சைக்கிள்களை எல்லாம் வரிசையாக நிறுத்திப் பிரேக்கையும் காத்தையும் பார்த்துக் கொடுங்கள். வயதானவர்களின் சைக்கிளிலிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். தகப்பன் புதுக் கட்டை போட்டுவிட்டார். தினமும் காலையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "பிரேக்கைப் பாத்தீங்களாப்பா?" என்று கேட்ட பிறகுதான் அவள் ஏறுகிறாளாம். நம் வீடுகளிலும் யாராவது ஒருவர் அப்படிக் கேட்கட்டும்.