பர்மனென்ட் ஆகட்டும் என்று காத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கதை வந்து சேர்ந்தது. கூட வைத்திருந்த கடிதம்தான் அதிகம் யோசிக்க வைத்தது. கம்பெனியில் பர்மனென்ட் ஆனதும், படப்பை ரூமைக் காலிசெய்து தனி வீடு பார்த்துக்கொண்டு, அப்புறம் நிம்மதியாக எழுதுவேன் என்கிறாய். எக்ஸிஸ்டென்ஷியலிசம் பற்றிய எஸ்.வி. ராஜதுரையின் புத்தகத்தைப் படித்துவிட்டு, இந்தக் கணத்தில் வாழ்வது எப்படி என்றும் கேட்கிறாய். இரண்டும் ஒரே கடிதத்தில்!

முதலில் பர்மனென்ட் விஷயம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலையில் 2006இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே வேலை கிடைத்தால் வாழ்க்கை செட்டில் என்று பேசிக்கொண்ட காலம் அது. 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலை நின்றது. பர்மனென்ட் ஆட்களிலேயே பலர் அதற்குமுன் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

நிம்மதி வந்தபின் எழுதுவேன் என்கிறாயே, சீமோன் வெய்ல் பெயரைக் கேட்டிருக்கிறாயா? தத்துவ ஆசிரியை. லீவு போட்டுவிட்டு 1934 டிசம்பரில் பாரிஸில் ஆலை வேலைக்குப் போனவர். அடுத்த ஆண்டு ரெனால்டில் மில்லிங் மெஷின் ஓட்டினார். ஒரகடத்தில் நீ போர்டு பார்க்கிற அதே ரெனால்ட்தான். ஓயாத தலைவலியோடு நோட்டில் எழுதினார்: எத்தனை பீஸ், என்ன கூலி, மெஷின் எங்கே மக்கர் பண்ணியது. வேகமும் உத்தரவும் சேர்ந்து ஆளை யோசிக்கவே விடுவதில்லை என்று கண்டுகொண்டார். அவர் இறந்தபின், 1951இல், அந்தக் குறிப்புகள் புத்தகமாயின. அந்த நூல்வரிசையை நடத்தியவர் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு.

அதனால்தான், எச்.ஆர். வகுப்புகளில் மூச்சுப் பயிற்சியோடு சேர்த்துச் சொல்லித்தரும் 'இந்தக் கணம்' எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. லைனில் கணம் கன்வேயருக்குச் சொந்தம். நீ படித்த எக்ஸிஸ்டென்ஷியலிசத்தில் சார்த்தர் சொல்வது கறாரானது. சூழ்நிலை உன்னைக் கேட்டு வரவில்லை. அதற்குள் என்ன செய்வதென்று நீ தீர்மானித்தே ஆக வேண்டும், சும்மா இருப்பதும் தீர்மானம்தான். 'நான் வெறும் டிரெய்னி' என்று அந்த வேஷத்துக்குள் ஒளிந்துகொண்டால், அது தன்னையே ஏமாற்றிக்கொள்வது என்பார். சங்கத்தில் சேர்வதா, ஓ.டி.யை மறுப்பதா என்பதும் அந்தத் தீர்மானங்களில் அடக்கம். அதையெல்லாம் நான் சொல்லக் கூடாது.

எழுத்தைப் பற்றிச் சொல்லலாம். உன் நாயகன் மெரினாவில் சூரியோதயம் பார்த்து வெறுமையை உணர்கிறான். படப்பைக்காரனுக்கு எதற்கப்பா மெரினா? கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாய்: நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில், முன்சீட்டுக் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கியவர்கள் இறங்கும்போது எல்லார் நெற்றியிலும் ஒரே கோடு. கதை அங்கே கிடக்கிறது. அந்த பஸ்ஸில் தூங்காமல் வந்தவர் யார், ஏன் தூங்கவில்லை? ரூமில் லைட் போட்டால் திட்டுவார்கள் என்றால் மாடிப்படியில் உட்கார். பத்து வரி போதும். அடுத்த வீக் ஆஃபுக்குள் அனுப்பிவை.

அன்புடன்,
அண்ணன்