நீங்காத நமைச்சலும் நம் மலைக் கிராமங்களும்

பிணி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன காய்ச்சலும் காமாலையும் காசமுமே. உடல் நமைச்சலைப் பிணியின் கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை. ஆயினும், இரவெல்லாம் சொறிந்துகொண்டு விழித்திருக்கும் ஒருவர் மறுநாள் காப்பித் தோட்டத்தில் நின்று பழம் பறிப்பது எங்ஙனம்? கூலி குறைகிறது, கை விரல்களில் புண் கண்ட பிள்ளை பள்ளியில் தனியே அமர்த்தப்படுகிறது, மணப்பருவத்துப் பெண் உறவினர் வீட்டு விசேஷத்திற்குச் செல்லக் கூசுகிறாள். ஏற்காட்டிலிருந்து குப்பனூர் செல்லும் சாலையில் உள்ள கொட்டச்சேட்டையும் அதனை அடுத்த சிற்றூர்களையும் மனத்திற்கொண்டு இதனை எழுதுகிறோம். சமவெளி விவசாயிகளுக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் நமைச்சலை நாட்பட்ட நமைச்சல் என்று மருத்துவர்கள் வகுத்துள்ளனர். ‘காரணம் தெரியவில்லை’ என்று சொல்லப்படும் நமைச்சலில் பல, காரணம் தேடப்படாத நமைச்சலே என்பது நமது கருத்து. தேடுவதற்கு முதற்கண் பெரிய கருவிகள் தேவையில்லை; இரண்டு கேள்விகள் போதும். வீட்டில் வேறு எவருக்கேனும் நமைச்சல் உண்டா? எந்த வேலைக்குப் பின், எந்த மாதத்தில், உடம்பின் எந்த இடத்தில் அது தொடங்கிற்று?

முதற் கேள்விக்கு ‘உண்டு’ என்பது விடையாயின், சிரங்கையே முதலில் ஐயுற வேண்டும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள் தோன்றி, இரவில் நமைச்சல் மிகுமாயின் ஐயம் வலுக்கிறது. இது கெட்ட இரத்தத்தாலோ, உண்ட கத்தரிக்காயாலோ வருவதன்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு நுண்ணிய உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது. இத்தாலி நாட்டுப் பொனோமோ என்பார் 1687ஆம் ஆண்டிலேயே இதனை எழுதி வைத்தார். முதன்முறை தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை நமைச்சல் தோன்றாமலே இருக்கலாம். சூட்சுமம் இங்கேதான் உள்ளது. ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்று களிம்பு பூசிக்கொள்ள மறுக்கும் வீட்டுப் பெரியவர், உண்ணியைத் தம் உடலில் வளர்த்து, குணமடைந்த பேரக்குழந்தைக்கே அதனைத் திருப்பி அளித்துவிடுகிறார். ‘மருந்து பலிக்கவில்லை, இது ஏதோ தெரியாத வியாதி’ என்ற முடிவு பின்னர் எழுகிறது.

ஆகவே, ஒரு வீட்டில் உள்ளோர் அனைவரும், நமைச்சல் இருப்பினும் இல்லாவிடினும், ஒரே இரவில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். மருத்துவர் பெரும்பாலும் தருவது ஐந்து சதவீதப் பெர்மெத்ரின் களிம்பு. கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் நக அடியும் தொப்புளும் விடுபடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும்; ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கு எப்படிப் பூசுவது என்பதை மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டே செய்க. உடுத்த துணிகளையும் போர்வைகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. மழை மூட்டத்தால் மலையில் வெயிலே இல்லாத நாட்களில், அவற்றை ஒரு பையிலிட்டு வாய் கட்டி நான்கு நாள் வைத்தாலும் போதும். மனித உடலை விட்டு நீங்கிய உண்ணி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பெரும்பாலும் உயிர் தரிப்பதில்லை. உண்ணி இறந்த பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை நமைச்சல் நீடிக்கக்கூடும். அதனைக் கண்டு அஞ்சி நாள்தோறும் களிம்பு பூசுவது தோலை மேலும் புண்ணாக்கும்.

சிரங்கைச் சிறு நோய் என எண்ண வேண்டா. சொறிந்த இடத்தில் சீழ்க் கிருமி புகுந்தால், அது குழந்தைகளின் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஊரே ஒன்றுகூடினால் என்ன நிகழும் என்பதற்குப் பிஜித் தீவுகள் சான்று. 1903 முதல் நம் தென்னாட்டு மக்களும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிச் சென்ற நாடு அது. அங்கே 2012இல் தொடங்கிய ஓர் ஆய்வில், ஒரு பகுதி மக்கள் அனைவருக்கும் ஐவர்மெக்டின் என்னும் மாத்திரை வழங்கினர். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் போன்ற அதனை உட்கொள்ளலாகாதவர்களுக்குக் களிம்பு அளித்தனர். நூற்றுக்கு 32 பேரிடம் இருந்த சிரங்கு ஓராண்டில் நூற்றுக்கு இருவர் என்ற அளவிற்குக் குறைந்தது. நோய் கண்டவருக்கும் அவரோடு பழகியவருக்கும் மட்டுமே களிம்பு தந்த பகுதியிலோ, ஓராண்டுக்குப் பின்னும் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் சிரங்கு எஞ்சியிருந்தது.

இனி இரண்டாம் கேள்வி. வீட்டில் ஒருவருக்கு மட்டும், அதிலும் முகம், கழுத்து, முன்கை போன்ற திறந்த இடங்களில் நமைச்சல் காணுமாயின், அவர் தொழிலை நோக்குதல் வேண்டும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், கிழக்கு ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. மிளகுக் கொடி ஏறுவதற்கும் அதுவே துணை. நல்ல மரந்தான். எனினும் அதன் இலையிலும் மரத்தூளிலும் உள்ள ஒரு பொருள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அம்மரத்தைக் கவாத்து செய்த தொழிலாளர்கள் உடல் தடித்து அவதியுற்ற செய்தி அயல்நாட்டு மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. முந்திரித் தோட்டின் பால், சேராங்கொட்டையின் சாறு ஆகியவற்றிலுள்ள நஞ்சிற்கு இது இரசாயன முறையில் நெருங்கிய உறவு. மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்தவர்கள் சில்வர் ஓக்கின் கிளை கழிக்கும்போது கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பது நலம். காட்டோரத்துப் பூனைக்காலியும் செந்தட்டியும் நமைச்சல் தருவதை நம் மலைவாழ் மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடம் நாம் கற்கலாம்.

புதிதாக வந்த பகை பார்த்தீனியம். 1955 வாக்கில் புனே நகரில் கண்டறியப்பட்ட இவ்வெள்ளைப்பூச் செடி இன்று நாடெங்கும் பரவியுள்ளது. இதனைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. காய்ந்த செடியின் துகள் காற்றில் வந்து படிந்தாலும், ஒவ்வாமை உடையவரின் கண்ணிமையும் கழுத்தும் முழங்கை மடிப்பும் தடித்துக் கறுக்கின்றன. ‘வெயில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பல ஆண்டுகள் சொல்லித் திரியும் விவசாயிகளுள் சிலருக்கு உண்மையில் ஒவ்வாதது இச்செடியே ஆகலாம்.

இவற்றைப் பிரித்தறிய, பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். அன்று செய்த வேலை, தெளித்த மருந்து, நமைச்சல் கண்ட இடம், அது மிகுந்த நேரம் ஆகியவற்றை நாளுக்கு ஒரு வரியாக எழுதி வருக. எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிப் பிள்ளை எழுதித் தரலாம். கவாத்து நாட்களில் மிகுந்து, ஊருக்குச் சென்ற பத்து நாளில் தணிந்தது என்று இரண்டு மாதக் குறிப்பு காட்டுமானால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிற்குச் செல்வோர் இந்நோட்டையும் உடன் கொண்டு செல்க.

கடையில் கேட்டு வாங்கும் களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இரண்டே நாளில் நமைச்சலை அடக்கும். அதனாலேயே அவை விரும்பப்படுகின்றன. ஆனால் வட்ட வட்டமாய்ப் படரும் படர்தாமரைக்கு அவற்றைப் பூசினால், மேலே அடங்கியதுபோல் தோன்றி உள்ளே பூஞ்சை செழிக்கும். தோல் மெலிந்து வரி விழும். மருந்துக்கு எளிதில் மசியாத படர்தாமரை இன்று நம் நாட்டில் பெருகியிருப்பதற்கு இப்பழக்கமும் ஒரு காரணம் எனத் தோல் மருத்துவர்கள் கூறுகின்றனர். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. மண்ணெண்ணெயையும் பயிர்ப் பூச்சி மருந்தையும் உடம்பில் தடவுவதோ உயிருக்கே ஆபத்து.

தோலில் தடிப்போ கொப்புளமோ எதுவுமின்றி உடல் முழுதும் நமைக்குமாயின், காரணம் தோலுக்கு உள்ளே இருக்கலாம். ஈரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் கோளாறும், இரும்புச்சத்துக் குறைவும் இவ்வாறு வெளிப்படும். அரிதாக இரத்தப் புற்றும் உண்டு. எளிய இரத்தப் பரிசோதனைகளால் இவற்றுட் பலவற்றை அறியலாம். எடை குறைதல், இரவில் வியர்த்தல், கண் மஞ்சளித்தல் ஆகியவை உடன் இருந்தால் ஒரு வாரமும் தாமதிக்கலாகாது. கர்ப்பிணிக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் நமைத்தால் அன்றே செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் காரணம் புலப்படாதவர் சிலர் இருக்கவே செய்வர். முதியோருள் இது மிகுதி. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று அவரை ஒதுக்குவது கொடுமை. நமைச்சல் மெய்யானது, காரணம் மட்டுமே மறைந்துள்ளது. மலைக் குளிரில் கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றிக் குளிப்பதும், சோப்பை அழுந்தத் தேய்ப்பதும், பின்னர் அடுப்பருகே அமர்ந்து காய்வதும் தோலின் எண்ணெய்ப் பசையை அறவே போக்கும். இம்மூன்றையும் விடுவது கடினமென அறிவோம். ஆயினும் இளஞ்சூடான நீரில் விரைந்து குளித்து, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காயெண்ணெய் தடவினால் பலருக்குப் பாதி நமைச்சல் தணியும். கம்பளி நேரே உடலிற் படாமல் உள்ளே பருத்தித் துணி அணிக. நகத்தை ஒட்ட வெட்டுக. நமைத்த இடத்தைச் சொறியாமல் ஈரத் துணி வைத்து அழுத்துக. இவற்றால் தணியாதோருக்கு உறக்கம் தரும் மருந்தும், நரம்பைத் தணிக்கும் மருந்தும், ஒளிச் சிகிச்சையும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியவை சில. ஒரு தெருவில் மூன்று வீடுகளில் சிரங்கு என்று அறிந்தால் செவிலியருக்குச் சொல்லி, தெரு முழுவதற்கும் ஒரே இரவைக் குறித்துவிடலாம். பள்ளி விடுதிகளில் இது இன்னும் அவசியம். தண்ணீர்ப் பஞ்சமுள்ள குடியிருப்பில் துவைக்கச் சொல்வது வீண். அந்த வாரத்திற்கேனும் கூடுதல் நீருக்கு வழி செய்த பின் சொல்க. பார்த்தீனியத்தை மழைக்குப் பின் மண் நெகிழ்ந்திருக்கும்போது, பூக்குமுன், வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்குவோர்க்குக் கையுறையும் முகத்தில் கட்டத் துணியும் அளிக்க வேண்டும். முன்பே தடிப்பு உள்ளவரை அவ்வேலைக்கு அனுப்பலாகாது.