காளான் பிடிக்கும் உலோகம்

கோலார் தங்கவயலுக்குப் போனால் பெரிய பெரிய மேடுகளைப் பார்க்கலாம். சாம்பல் நிற மண். தட்டையான உச்சி. பல இடங்களில் புல்கூட சரியாக முளைப்பதில்லை. ஊர் மக்கள் இவற்றைச் சயனைடு மேடு என்று சொல்வார்கள். காற்றுக் காலத்தில் மேட்டுத் தூசி வீட்டுக்குள் வரும். மழைக் காலத்தில் மேட்டு மண் ஓடைக்கு வரும்.

இந்த மேடுகள் எப்படி வந்தன?

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்தார்கள். பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை இறங்கி வேலை செய்தார்கள். பின்னாளில் இது அரசாங்கச் சுரங்கம் ஆயிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கிடைத்தது. தங்கம் வெளியே போயிற்று. கழிவு ஊரிலேயே தங்கிவிட்டது.

பாறையை வெட்டி எடுத்து மாவு போல அரைப்பார்கள். அந்த மாவைச் சயனைடு கலந்த நீரில் போடுவார்கள். தங்கம் அந்த நீரில் கரையும். நீரிலிருந்து தங்கத்தைப் பிரித்து எடுப்பார்கள். மிச்சச் சேற்றை வெளியே கொட்டுவார்கள். கொட்டிக் கொட்டி மேடு உயர்ந்தது. இப்படி 13 மேடுகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண் இருக்கிறது.

சயனைடு சிதையும், உலோகம் சிதையாது

மேட்டின் பெயரைக் கேட்டதும் சயனைடுதான் நினைவுக்கு வரும். அது கொடிய விஷம். ஆனால் வெயிலும் காற்றும் படப்பட அது நாளடைவில் சிதைந்துவிடும். வெயில் படாத உட்பகுதியில் அதற்கு அதிகக் காலம் பிடிக்கும்.

உலோகம் அப்படி அல்ல. தங்கவயல் பாறையில் தங்கம் மட்டும் இல்லை. இரும்பு, ஈயம் போன்ற உலோகங்களும் உண்டு. ஆர்செனிக் என்ற நச்சுப் பொருளும் உண்டு. பாறையாக இருந்தபோது இவை பூமிக்குள் அடங்கிக் கிடந்தன. மாவாக அரைத்து வெளியே கொட்டியபின் காற்றும் மழையும் இவற்றை எளிதில் தொடுகின்றன. நூறு ஆண்டு ஆனாலும் ஈயம் ஈயமாகவே இருக்கும்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்மியம் என்ற உலோகம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆர்செனிக் பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் தோலில் புள்ளிகள் வரும். புற்றுநோயும் வரலாம்.

எவ்வளவு இருந்தால் கெடுதல்? இந்தியத் தர நிர்ணயப்படி, 1 லட்சம் லிட்டர் குடிநீரில் 1 கிராம் ஈயத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இது கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகம் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால், மிச்ச நீரில் உலோகத்தின் அளவு சற்றுக் கூடவே செய்யும்.

காளான் எப்படிப் பிடிக்கிறது?

நாயுருவிச் செடியின் அருகே நடந்தால் என்ன ஆகும்? அதன் விதைகள் வேட்டியிலும் சேலையிலும் ஒட்டிக்கொள்ளும். காளானின் உடலிலும் உலோகம் ஏறக்குறைய இப்படித்தான் ஒட்டுகிறது.

குடை போல மேலே தெரிவது காளானின் ஒரு பகுதிதான். அதன் உடலில் பெரும்பகுதி வைக்கோலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் வெள்ளை நூலாகப் பரவி இருக்கும். அந்த நூலின் சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. இறால் ஓட்டில் இருப்பதும் அதே பொருள்தான். நீரில் கரைந்த ஈயம், காட்மியம், செம்பு போன்றவற்றுக்கு நேர் மின்சாரம் உண்டு. காளான் சுவரில் எதிர் மின்சாரம் உள்ள இடங்கள் உண்டு. ஒன்றை ஒன்று இழுக்கும். உலோகம் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

காளான் உயிரோடு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உலர்த்திப் பொடி செய்த காளானும் பிடிக்கும். அறுவடை முடிந்து எறியும் காளான் படுக்கையும் பிடிக்கும். சிப்பிக் காளான், மொட்டுக் காளான் ஆகியவற்றை வைத்து ஆய்வுக்கூடங்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள்.

இதற்கு எல்லையும் உண்டு. துணி முழுவதும் விதை ஒட்டிவிட்டால் அடுத்த விதைக்கு இடம் இருக்காது. காளானும் அப்படித்தான். நீரில் புளிப்புத் தன்மை அதிகமானால் ஒட்டியது கழன்றுவிடும். ஆர்செனிக் வேறு விதமாகக் கரைந்திருப்பதால், வெறும் காளான் பொடி அதை நன்றாகப் பிடிப்பதில்லை.

வேறொரு சுரங்க நாட்டில்

சுரங்கக் கழிவுநீர் தங்கவயலுக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் பல உண்டு. அவற்றிலிருந்து புளித்த, இரும்பு கலந்த நீர் கசிந்து ஓடைகளைக் கெடுத்தது. அதே மாநிலத்தில் காளான் பண்ணைகளும் ஏராளம். பண்ணையில் மிஞ்சும் பழைய காளான் உரத்தை, 1980-களிலிருந்து அந்த நீரைச் சுத்தம் செய்யப் பயன்படுத்துகிறார்கள்.

குளம் வெட்டுவார்கள். அடியில் சுண்ணாம்புக் கல்லைப் பரப்புவார்கள். அதன் மேல் காளான் உரத்தைப் பரப்புவார்கள். சுரங்க நீர் மேலிருந்து கீழே மெல்ல இறங்கும். உரத்தில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் பெருகும். அவை உலோகத்தை நீரில் கரையாத பொருளாக மாற்ற உதவும். சுண்ணாம்புக் கல் புளிப்பைக் குறைக்கும். தெளிந்த நீர் வெளியேறும். இது ஓடையைக் காப்பதற்கான வழி. குடிநீர் தயாரிக்கும் வழி அல்ல.

பிடித்த உலோகம் எங்கே போகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. குப்பையை எரித்தால் சாம்பல் ஆகும். சாணம் மக்கினால் உரம் ஆகும். உலோகம் அழிவதே இல்லை. நீரிலிருந்து காளானுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே உலோகம் பிடித்த காளான் இனி உணவு அல்ல. உரமும் அல்ல. அது நச்சுக் கழிவு. அதை அடுப்பில் எரிக்கக் கூடாது. வயலில் போடக் கூடாது. ஆடு மாடுகளுக்கும் கொடுக்கக் கூடாது. அமிலத்தால் கழுவி உலோகத்தைத் தனியே எடுக்கலாம். ஆனால் அது ஆய்வுக்கூடத்திலும் ஆலையிலும் செய்யும் வேலை. வீட்டில் செய்யும் வேலை அல்ல.

நீரைச் சுத்தம் செய்யும் அதே குணத்தால் காளான் ஆபத்தும் ஆகலாம். மழை பெய்ததும் மேட்டருகே காளான் முளைத்தால், அது அந்த மண்ணின் உலோகத்தை உறிஞ்சியிருக்கும். அது உண்ணத்தக்க வகையாகவே இருந்தாலும் பறித்துச் சமைக்க வேண்டாம்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இந்த 13 மேடுகளிலும் மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மேட்டைக் கிளறும்போது தூசிக்கும் கழிவுநீருக்கும் என்ன ஏற்பாடு என்று கேட்பது ஊர் மக்களின் உரிமை. பிரித்து எடுத்த உலோகக் கழிவை எங்கே வைப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மேட்டருகே உள்ள கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் சோதிக்காமல் குடிக்க வேண்டாம்.

2. சோதனைக்குக் கொடுக்கும்போது, 'ஈயம், காட்மியம், ஆர்செனிக் இருக்கிறதா என்று பாருங்கள்' என்று தனியாகச் சொல்லுங்கள். சாதாரணச் சோதனையில் இவை விட்டுப்போகலாம். நீர் பிடிக்கும் பாட்டிலை ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

3. ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பாலான உலோகங்களைப் பிரிக்கும். பிரிந்த உலோகம் கழிவுநீரில் இருக்கும். அந்த நீரைச் சமையலுக்கோ கீரைப் பாத்திக்கோ விட வேண்டாம்.

4. காளான் வளர்த்து விற்பவர்கள் நல்ல நிலத்தில் விளைந்த வைக்கோலையும் நல்ல நீரையும் பயன்படுத்த வேண்டும்.

5. குழந்தைகளை மேட்டு மண்ணில் விளையாட விட வேண்டாம். சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஈயம் ஏன் போவதில்லை?

2. நாயுருவி விதைக்கும் காளானில் ஒட்டும் உலோகத்துக்கும் என்ன ஒற்றுமை?

3. உலோகம் பிடித்த காளானை ஏன் உரமாகப் போடக் கூடாது?

4. உங்கள் தெருவில் குடிநீர் எங்கிருந்து வருகிறது? அதைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? விசாரித்து வந்து வகுப்பில் சொல்லுங்கள்.