பெட்டிக்குள் டப்பா, டப்பாவுக்குள் ரத்தம்

போன வருடம் என் தம்பிக்கு விடாத காய்ச்சல். அவன் ரத்தத்தை எடுத்து விமானத்தில் டெல்லி லேபுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. "ட்யூப் கசிஞ்சிருச்சு, திரும்ப எடுக்கணும்." தம்பி அழுத அழுகை இருக்கே!

ஏன் கசிந்தது? லேபில் வேலை பார்க்கும் எங்க சித்தியிடம் கேட்டேன். "மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும்னு படிச்சல்ல? ட்யூபுக்குள்ள இருக்கிற காற்று விரிஞ்சு மூடியைத் தள்ளும். நடு டப்பா இல்லாம அனுப்பியிருப்பாங்க. பார்சல் தூக்குறவங்க கையிலயும் பட்டிருக்கும்" என்றார்.

விதிப்படி மூன்று அடுக்கு வேண்டும். முதலில் ட்யூப். அதைச் சுற்றி, ரத்தம் முழுவதையும் உறிஞ்சும் அளவுக்குப் பஞ்சு. பிறகு கசியாத டப்பா, வெளியே கெட்டியான பெட்டி. ட்யூபோ டப்பாவோ 95 கிலோபாஸ்கல் அழுத்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும். கடல்மட்டக் காற்றழுத்தமே சுமார் 101தான்! 1.2 மீட்டர் உயரத்திலிருந்து பெட்டியைப் போட்டாலும் உள்ளே கசியக் கூடாது. எபோலா மாதிரி கொடிய கிருமி என்றால் 9 மீட்டர், அதாவது மூன்று மாடி! தம்பி ரத்தம் போன்றவற்றுக்கு, வெளியே சாய்சதுரத்துக்குள் யு.என். 3373 என்று போட வேண்டும்.

ட்ரை ஐஸை நடு டப்பாவுக்கு வெளியேதான் வைக்கணும். அது கரியமில வாயுவாக மாறும். பெட்டியைக் காற்றுப் போகாமல் ஒட்டினால் வெடிச்சிடும். (நானாயிருந்தா நல்லா டேப் சுத்தியிருப்பேன்!)

இரண்டாம் முறை ரத்தம் எடுக்க வந்தவரிடம், "நடு டப்பா இருக்கா அண்ணா?" என்றேன். முறைத்துக்கொண்டே எடுத்துக் காட்டினார்.